எடுத்த டிராக்கிங்கை எல்லா எஃபெக்டுக்கும் பயன்படுத்த விடுங்கள்

மென்பொருள் உருவாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

உங்கள் வீடியோ தொகுப்பு மென்பொருளின் பெயரை நான் குறிப்பிடவில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும். முகத்தை மறைப்பது போன்ற ஓர் எஃபெக்டில் எடுத்த டிராக்கிங் தரவை, அதாவது காட்சியில் நகரும் பொருளைப் பின்தொடர்ந்து எடுத்த குறிப்புகளை, இன்னோர் எஃபெக்டிலும் பயன்படுத்த வழி வேண்டும் என்ற கோரிக்கை உங்களுக்குப் புதிதல்ல. ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதில் எங்களுக்கும் புதிதல்ல. சென்ற வாரம் நேர்ந்த ஒன்றினால்தான் மீண்டும் எழுத வேண்டியதாயிற்று.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின்கீழ் வந்த வழக்கு ஒன்றில் பாதிக்கப்பட்ட சிறுவன், தன் தாயுடன் சந்தைக்குள் நடந்து வரும் காட்சியைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். 2012ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில், குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்று 23ஆவது பிரிவு சொல்வதால், ஒரு ஃபிரேமில்கூட முகம் தெரிந்துவிடக் கூடாது. விநாடிக்கு 25 ஃபிரேம் வீதம் 40 விநாடிக் காட்சி என்றால் 1,000 ஃபிரேம்கள். தார்ப்பாய்க்குப் பின்னால் சிறுவன் மறைந்தபோதும், தலையில் கூடை சுமந்த ஒருவர் குறுக்கே போனபோதும் டிராக்கர் வழிதவறிக் கூடையைப் பிடித்துக்கொண்டு போனது. அந்த இடங்களையெல்லாம் ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் திருத்தி, முகத்தைக் கட்டம் கட்டமாக மறைக்கும் மொசைக்கைச் சரியாகப் பொருத்திக் கொடுத்தேன். பார்த்த இயக்குநர், மொசைக் கண்ணை உறுத்துகிறது, மங்கலாக்கும் சாதாரண பிளர் போதும் என்றார். நியாயமான கோரிக்கைதான். ஆனால் உங்கள் மென்பொருளில் டிராக்கிங் தரவு எஃபெக்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பதால், மொசைக்கை நீக்கியதும் அத்தனை திருத்தங்களும் அதோடு போய்விட்டன. பிளருக்காக முதலிலிருந்து டிராக் செய்தேன். முகத்தைச் சற்று இருட்டாக்கவும் சொன்னதால் அதற்கு இன்னொரு முறை. தனித்தனியாக எடுத்த இரண்டும் ஒரே இடத்தில் நிற்குமா? சிறுவன் திரும்பும் இடத்தில் பிளர் ஒரு பக்கமும் இருட்டு ஒரு பக்கமுமாக விலகி நின்றன.

ஒரு டிராக்கிங்கில் அப்படி என்னதான் இருக்கிறது? ஒவ்வொரு ஃபிரேமிலும் பொருள் இருக்கும் இடம், அதன் அளவு, சாய்வு ஆகியவற்றுக்கான சில எண்கள், அவ்வளவே. அவற்றைச் சேமிக்க இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் தெருத் தையல்காரர்கூட, சட்டையைத் தைத்துக் கொடுத்ததும் அளவு எழுதிய தாளைக் கிழித்துப் போடுவதில்லை.

இது நடக்காத காரியமும் அல்ல. இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருளில், 2011இல் வந்த 2.61 பதிப்பிலேயே, டிராக்கிங் தரவு கிளிப்போடு இருந்தது. எத்தனை பொருள்களை வேண்டுமானாலும் அதைப் பின்தொடரச் செய்யலாம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் தரவை, படத்தில் தெரியாத வெற்றுப் பொருளான ஒரு ‘நல்’ (null) ஆப்ஜெக்டில் ஏற்றிவிட்டு, மற்ற லேயர்களை அதனோடு இணைத்துவிடுகிறார்கள். கேடென்லைவ் என்ற தொகுப்பு மென்பொருளிலோ கீஃபிரேம்களை, அதாவது ஃபிரேம்வாரியான இட, அளவுக் குறிப்புகளை, நகலெடுத்து வேறு எஃபெக்டில் ஒட்டவாவது முடிகிறது. நாங்கள் பணம் கட்டி வாங்கும் உங்கள் மென்பொருளின் புதிய பதிப்பில், இதயம் பறக்கும் ஸ்டிக்கர்களும் எவரும் கேட்காத டிரான்சிஷன்களும் வந்திருக்கின்றன. பிறந்தநாள் வீடியோ செய்பவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். போகட்டும், அவர்களும் உங்கள் வாடிக்கையாளர்களே. என் கோரிக்கைக்கு வருகிறேன்.

டிராக்கிங் தரவை எஃபெக்டிலிருந்து பிரித்து, பெயரிட்டு, புராஜெக்டில் தனியாக வைத்துக்கொள்ள விடுங்கள். பிளர், மாஸ்க், எழுத்து என எந்த எஃபெக்டிலிருந்தும் அதைத் தேர்ந்தெடுக்க முடிய வேண்டும். ஓரிடத்தில் திருத்தினால் அதைப் பயன்படுத்தும் எல்லா இடங்களிலும் திருந்த வேண்டும். 3840×2160 கிளிப்பை 1920×1080 டைம்லைனில் வைக்கும்போது இடமும் அளவும் தாமாகவே அதற்கேற்ப மாற வேண்டும் என்பதையும் மறந்துவிட வேண்டாம். இவற்றுக்குக் காலம் பிடிக்குமென்றால், நகலெடுத்து ஒட்டும் வசதியையாவது அடுத்த பதிப்பில் தாருங்கள். அதுவரை, எஃபெக்டை நீக்கும்போது ‘டிராக்கிங்கை வைத்துக்கொள்ளவா?’ என்று ஒரு வார்த்தை கேட்கச் செய்யுங்கள்.

சோதித்துப் பார்க்க உதவுமென்றால் ஒரு புராஜெக்ட் கோப்பை அனுப்பத் தயாராக இருக்கிறேன். சிறுவனின் காட்சியைத் தர இயலாது என்பதால், சாலையில் போகும் ஓர் ஆட்டோவை வைத்து இதே சிக்கலை அதில் காட்டியிருக்கிறேன். எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று தயவுசெய்து தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் மென்பொருளில் அன்றாடம் வேலை செய்யும் படத்தொகுப்பாளர்