முதுகலைக்குப் பின்வாசல் கிடையாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பின் கல்விப் பக்கத்தில் உயர்கல்வி வாய்ப்புகளைப் பற்றி வந்த கட்டுரையை முழுமையாகப் படித்தேன். பயனுள்ள தகவல்கள் பல இருந்தன. ஆனால் இளங்கலைப் பட்டம் இல்லாமல், வேலை அனுபவத்தைக் கொண்டு முதுகலையில் சேருபவர்களைப் 'பின்வாசல் வழியாக நுழைகிறவர்கள்' என்று கட்டுரையாளர் ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார். அப்படிச் சேர்ந்தவர்களில் நானும் ஒருவன். என் தகப்பனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் பத்திரிகையில் இந்த வரியைப் படிக்க நேர்ந்ததுதான் மனத்தை அதிகம் வருத்தியது.

முன் அனுபவத்தில் கற்றதை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் ஏபெல் எனப்படும் இந்த வழி எப்படி வந்தது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. எம்.கியூ.ஏ. என்னும் மலேசியத் தகுதி நிறுவனமே இதற்கு விதிகளை வகுத்தது. முதுகலைக்கு விண்ணப்பிக்கிறவர் 30 வயதைக் கடந்திருக்க வேண்டும், எஸ்.டி.பி.எம். என்னும் ஆறாம் படிவத் தேர்வு, டிப்ளோமா அல்லது அதற்கு இணையான தகுதி இருக்க வேண்டும். படிக்கப்போகும் துறையோடு தொடர்புள்ள வேலை அனுபவமும் வேண்டும். திறனறித் தேர்வு எழுதி, அனுபவத்தை ஆதாரங்களோடு தொகுத்துக் கொடுத்துத் தேறினால்தான் சான்றிதழ் கிடைக்கும். அது கையில் இருந்தாலும் பல்கலைக்கழகம் தன் சொந்த நிபந்தனைகளைப் பார்த்த பிறகே இடம் கொடுக்கும். உள்ளே போன பிறகு பாடத்திலோ தேர்விலோ எங்களுக்கென்று தனிச் சலுகை எதுவும் இல்லை. இத்தனையையும் கடந்து வருகிறவனைப் பார்த்து அப்படிச் சொல்ல எப்படி மனம் வந்தது?

அனுபவத்தை ஆதாரத்தோடு தொகுப்பது என்றால் என்னவென்று தோட்டத்து மனிதர் யாரிடமாவது கட்டுரையாளர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் வெளிக்காட்டுக் கிராணியாக, அதாவது வெளி வேலைகளை மேற்பார்க்கும் பணியாளராகச் சேர்ந்த செம்பனைத் தோட்டம் கைமாறி, பிறகு அதில் ஒரு பகுதி வீடமைப்புத் திட்டத்துக்குப் போய்விட்டது. பழைய அலுவலகம் இருந்த இடத்தில் இன்று கடைவரிசை நிற்கிறது. வேலையாட்களின் பெயரும் வருகையும் பதிந்த செக்ரோல் புத்தகங்கள் எங்கே போயின என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. 'உங்கள் காலத்துப் பதிவுகள் எங்களிடம் இல்லை' என்று புதிய நிர்வாகம் இரண்டு வரிக் கடிதம் கொடுத்ததோடு சரி. இ.பி.எஃப். என்னும் ஊழியர் சேமநிதிக் கணக்கறிக்கைகளையும், ஓய்வுபெற்ற துரை (தோட்ட நிர்வாகி) ஒருவர் கைப்பட எழுதிக்கொடுத்த கடிதத்தையும், வீட்டில் கிடந்த என் களக் குறிப்பேடுகளையும் வைத்துத்தான், வாழ்நாளில் பாதியை அந்தத் தோட்டக் காட்டில் கழித்தவன் நான் என்பதை நிரூபித்தேன்.

நேரத்தோடு பட்டம் படித்திருக்கலாமே என்று கட்டுரையாளர் கேட்கக்கூடும். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவன் என்பதால் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார்ந்து, தெலுக் இந்தான் வரை பேருந்தில் போய்ப் படித்து, 1990இல் எஸ்.டி.பி.எம். எழுதினேன். அப்போது நாட்டில் அரசுப் பல்கலைக்கழகங்கள் மொத்தம் ஏழு. மாணவர் சேர்க்கையில் இன அடிப்படையிலான ஒதுக்கீட்டு முறை 2002இல்தான் மாறியது. தனியார் உயர்கல்விச் சட்டம் வந்ததோ 1996இல். அதற்கு முன் இங்குள்ள தனியார் கல்லூரிகள் சொந்தமாகப் பட்டம் வழங்க முடியாது, வெளிநாட்டுப் பட்டத்துக்குக் கட்டணம் கட்டும் வசதி தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் யாருக்கு இருந்தது? என்னோடு தேறிய நண்பர்கள் பலரும் என்னைப்போலவே கிடைத்த வேலைக்குப் போனார்கள். எங்களில் யாரும் படிப்பு வேண்டாம் என்று ஒதுங்கியவர்கள் இல்லை, ஐயா.

அந்த வேலையில் நாங்கள் கற்றதும் கல்விதான். இந்தக் கடலோரப் பகுதியில், குறிப்பாகத் தென்னை அழித்துச் செம்பனை என்னும் எண்ணெய்ப்பனை நட்ட இடங்களில், கானோடெர்மா என்னும் அடித்தண்டு அழுகல் நோய் கடுமையாகத் தாக்கும். நடுக்குருத்தில் ஓலைகள் விரியாமல் இரண்டு மூன்று ஈட்டிகளாக நின்று, கீழ் மட்டைகள் ஒடிந்து தண்டைச் சுற்றித் தொங்கினால், அடியில் காளான் தலைகாட்டும் முன்பே அந்த மரத்துக்குச் சிவப்புச் சாயத்தால் குறி போட்டுவிடுவேன். இதை எந்த வகுப்பறையிலும் நான் படிக்கவில்லை. இன்று என் முதுகலை ஆய்வுக்கு அடிப்படையாக இருப்பவை அந்தக் குறிப்பேடுகள்தான்.

என் தாயார் செம்பனைப் பூக்களுக்கு மகரந்தம் தூவும் வேலை பார்த்தவர். டால்க் தூளோடு கலந்த மகரந்தத்தைப் பூங்குலைகளின்மேல் ஊதிவிட்டு, மரம் மரமாக நாள் முழுவதும் நடப்பார். முட்கள் கீறிய அந்தக் கைகள் இன்றும் என் நினைவில் இருக்கின்றன. 1981இல் ஆப்பிரிக்காவின் காமரூனிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்னஞ்சிறு வண்டு அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பே காமரூனில் பணியாற்றிய லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்டத்துறைக்காரர், கையால் தூவாமலே மரங்கள் நன்றாகக் காய்ப்பதைப் பார்த்து, இது பூச்சிகளின் வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்று சொன்னார். பூச்சியியல் ஆய்வாளர் ரகுமான் சையது அதை ஆராய்ந்து உறுதிப்படுத்தினார். நாட்டின் செம்பனைத் தொழிலையே மாற்றிய அந்த ஆய்வுக்கு, காட்டில் நடந்த ஒருவரின் கண்தான் வழிகாட்டியது. அனுபவம் உயர்கல்விக்குத் தகுதியாகாது என்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

விண்ணப்பிக்கப் போன ஓர் உயர்கல்வி நிலையத்தின் முகப்பில் இருந்த இளம்பெண், நம் பெண்தான், என் தாள்களைப் புரட்டிப் பார்க்காமலே, 'அங்கிள், பிள்ளைக்கா இடம் கேட்கிறீர்கள்?' என்றார். எனக்குத்தான் என்றதும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். வெளியார் ஏளனத்தைத் தாங்கிக்கொள்ளலாம். நம்மவர் சிரிப்பும், நம் பத்திரிகையில் வரும் இத்தகைய வரியும் ஆழமாகக் குத்துகின்றன. எஸ்.பி.எம். என்னும் ஐந்தாம் படிவத் தேர்வு முடிவுகள் வரும்போது சிறந்த மாணவர்களின் படங்களைத் தாங்கள் பெருமையோடு வெளியிடுகிறீர்கள், அது வேண்டியதே. வேலை முடிந்து வந்து, இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு படிக்கிற ஐம்பது வயதுக்காரர்களுக்கும் அதே பக்கத்தில் ஒரு மூலையில் இடம் உண்டு என்று நம்பியிருந்தேன்.

தங்களிடம் நான் கேட்பது இதுதான். அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அதோடு, ஏபெல் வழியில் விண்ணப்பிக்கத் தேவையான தகுதிகளையும் ஆவணங்களையும் எளிய தமிழில் ஒரே ஒரு முறையாவது கல்விப் பக்கத்தில் கட்டம் போட்டு அச்சிடுங்கள். தோட்டம் விற்கப்படும் முன்பே, வேலையை விடும் முன்பே, நிர்வாகத்திடம் முத்திரையோடு சேவைக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுமாறு தொழிலாளர்களுக்கும் பணியாளர்களுக்கும் அதில் ஒரு வரி சேர்த்துவிட்டால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
தெலுக் இந்தான், பேராக்.