தொப்பி கொடுத்தாயிற்று, உள்வாரை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிழமை உங்கள் பத்திரிகையில் ஒரு அடிக்கல் நாட்டு விழாப் படம் வந்திருந்தது. ஐந்து விருந்தினர், ஐந்து வெள்ளைப் பாதுகாப்புத் தொப்பிகள். ஒருவர் முன்பக்கம் பின்னால் வரும்படி போட்டிருந்தார். இன்னொருவரின் தொப்பியில் கடையில் சுற்றிய பொலித்தீன் கூடக் கழற்றப்படவில்லை. படத்தின் ஓரத்தில், சும்மாட்டின் மேல் கல்லுத் தாச்சியோடு ஒரு பெண் நிற்கிறார். அவர் தலையில் தொப்பி இல்லை.

படம் எடுத்தவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த ஐந்து தொப்பிகளும் விழா முடிந்ததும் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். என்னைப் போல ஒருத்தியின் களஞ்சியத்துக்குத்தான் போகும்.

பரந்தனுக்குக் கிட்ட எழும்பும் ஒரு இரண்டு மாடிக் கட்டிடத்தில் நான் களஞ்சியப் பொறுப்பாளர். இதற்கு முன் ஆறு வருடம் முகமாலையில் மிதிவெடி அகற்றினேன். அங்கே முகத்துக்கு 5 மில்லிமீற்றர் தடிப்பில் பொலிகாபனேற் மறைப்பு. காலையில் களத்துக்குள் இறங்க முன்னம் பிரிவுப் பொறுப்பாளர் அக்கா ஒவ்வொன்றாக வாங்கி வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்ப்பா. மயிர் அளவு வெடிப்பு தெரிந்தாலும் அது ஒரு பக்கம் போய்விடும். கழுவுவதற்குச் சவர்க்காரமும் தண்ணீரும் மட்டும்தான். பெற்றோலோ தின்னரோ பட்டால் அந்தப் பிளாஸ்டிக் உள்ளுக்குள்ளே இற்றுப்போகும் என்று முதல் நாளே சொல்லித் தந்தார்கள்.

கட்டிட வேலைக்கு வந்த முதல் நாள் களஞ்சியத்தைத் திறந்தால், மூலையில் சீமெந்துப் பைகளுக்கு மேலே தொப்பிகள் குவிந்து கிடந்தன. முந்தி வந்தவர் நல்லதை எடுப்பார், பிந்தி வந்தவருக்கு வார் அறுந்தது. பழைய தொப்பிகளைத் தின்னரால் துடைத்துப் புது நிறம் அடித்தும் வைத்திருந்தார்கள். பார்க்க நல்ல வடிவுதான். எத்தனை தொப்பி என்று கேட்டால் கணக்குச் சரியாக இருக்கும். எத்தனை தொப்பி தலையைக் காக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

தொப்பியின் வெளி ஓடுதான் காக்கிறது என்று எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். பாதி வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் வார்தான். மேலே விழும் அடியை ஓடு வாங்கும். அந்த அடியை இழுபட்டு இழுபட்டுத் தலை முழுக்கப் பரப்பிவிடுவது உள்வார். ஐரோப்பிய நியமமான ஈ.என். 397 இல் 5 கிலோ எடையை 1 மீற்றர் உயரத்திலிருந்து தொப்பிமேல் போட்டுப் பார்க்கிறார்கள். ஓட்டுக்கும் உச்சந்தலைக்கும் நடுவே ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய இடைவெளி இருப்பதனால்தான் அந்த அடியிலும் தலை தப்புகிறது. எங்கள் பெடியள் அந்த இடைவெளிக்குள் என்ன வைக்கிறார்கள் தெரியுமா? கைத்தொலைபேசி. வெற்றிலைச் சரை. ஒருவர் லொத்தர் சீட்டு வைத்திருந்தார், அது போகட்டும், கடதாசிதானே.

போன வருடம் சோழகக் காற்றுக் காலத்தில் மேல்தட்டில் பலகை கழற்றும்போது ஒரு இரும்புக் கிளிப் நழுவி, கீழே கம்பி கட்டிக்கொண்டிருந்த தம்பியின் தொப்பியில் விழுந்தது. ஆள் அப்படியே குந்திவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம், கழுத்து நோவோடு தப்பினான். மூன்றாம் நாள் அதே தொப்பியோடு வந்து நின்றான், முன்னுக்குச் சந்தனப் பொட்டும் வைத்து. “அக்கா, இது ராசியான தொப்பி.” ஓட்டில் சின்னக் கீறல் மட்டும்தான் தெரிந்தது. ஆனாலும் ஒரு பெரிய அடி வாங்கிய தொப்பி அதோடு சரி. ஓடு கண்ணுக்குத் தெரியாமல் வெடித்திருக்கும், வார் ஒருமுறை இழுபட்டிருக்கும். நான் வாங்கி, ஓடாவியிடம் கொடுத்து வாளால் இரண்டாக அறுப்பித்தேன். குப்பையில் போட்டால் வேறு யாராவது பொறுக்கிப் போட்டுக்கொள்வார்கள், அதனால்தான். தம்பி ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு பாதியைக் கேட்டு வாங்கிப் போனான். இப்போது அவன் வீட்டில் கோழிக்குஞ்சுகள் அதில் தண்ணீர் குடிக்கின்றன.

வாங்குவது பற்றியும் சொல்லவேண்டும். தொப்பியைக் கவிழ்த்து முன்விளிம்பின் அடியைப் பாருங்கள். மணிக்கூடு போல ஒரு வட்டம் வார்த்திருக்கும்: சுற்றிவர 1 முதல் 12 வரை மாதம், நடுவில் வருடம், அம்புக்குறி காட்டுவது செய்த மாதம். நியம இலக்கமும் அங்கேதான் இருக்கும். இரண்டும் இல்லாத தொப்பி சும்மா பிளாஸ்டிக் கிண்ணம், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். ஒருமுறை ஒரு கடையில் “புதுச் சாமான்” என்று தந்த பெட்டிக்குள் ஏழு வருடம் பழையது இருந்தது. கடைக்காரருக்கே அந்த வட்டம் எதற்கென்று தெரியவில்லை.

ஓட்டை 5 வருடத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம், உள்வாரை 12 மாதத்தில் மாற்றுங்கள் என்று பல கம்பனிகள் சொல்கின்றன. வன்னி வெயிலில் அந்த 5 வருடத்தை நான் நம்புவதில்லை. நிறம் மங்கி, விரலால் தேய்த்தால் சோக்குத்தூள் போல ஒட்டினால் அதன் ஆயுள் முடிந்தது. இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்தி விட்டுப் பார்ப்பேன். நொருநொருவென்று சத்தம் வந்தாலோ பழைய வடிவத்துக்குத் திரும்பாவிட்டாலோ அதுவும் ஓடாவியிடம் போகும். வாகனக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து எடுத்துவருகிற எஞ்சினியர்மாரின் தொப்பிதான் முதலில் கெடுகிறது!

காற்றுத் துளை உள்ள தொப்பி வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். வெயிலுக்கு நல்லதுதான், ஆனால் மின்கம்பி போகிற பக்கம் வேலை செய்பவருக்கு நான் கொடுப்பதில்லை. அமெரிக்க முறையில் 20,000 வோல்ற்றுக்குச் சோதித்தது ஈ வகுப்பு, 2,200 வோல்ற்றுக்கு ஜீ வகுப்பு. துளை உள்ளவை சீ வகுப்பில்தான் வரும், அவற்றுக்கு மின்சாரப் பாதுகாப்பே இல்லை. சோழகத்தில் தொப்பி பறக்கிறது என்று கயிறு கட்டுபவர்களும் இருக்கிறார்கள். அது கூடாது. நாடிவார் எங்காவது மாட்டுப்பட்டால் கழுத்தை நெரிக்காமல் விட்டுக்கொடுக்கும்படி செய்தது, கயிறு விட்டுக்கொடுக்காது. வீட்டுக்குப் போகும்போது ஏ9 வீதியில் பொலிசுக்காக இதையே மோட்டார் சைக்கிளிலும் போடுகிறவர்களுக்கு என்ன சொல்வது? மேலிருந்து விழும் பொருளுக்குச் செய்த தொப்பி அது, றோட்டில் விழும் ஆளுக்கு உதவாது.

பெண்களின் கதை வேறு. கொண்டையை உச்சியில் போட்டால் தொப்பி தலையில் இருக்காது, பின்கழுத்தில் தாழ்த்திப் போடச் சொல்லித் தீர்த்துவிட்டோம். சும்மாட்டுக்குத்தான் வழியில்லை. தலையில் தாச்சி சுமக்கிறவர் தொப்பி போட முடியாது. தொப்பி வேண்டுமென்றால் சுமையைத் தலையிலிருந்து இறக்க வேண்டும்: தள்ளுவண்டி வேண்டும், மேலே ஏற்றக் கப்பி வேண்டும். எங்கள் இடத்தில் இரண்டு தள்ளுவண்டி வாங்க நான் நான்கு மாதம் கேட்கவேண்டி இருந்தது. உங்கள் படத்தில் நின்ற அந்த அக்காவுக்கு யார் கேட்பார்கள் என்று தெரியவில்லை.

அடிபட்ட பிறகு கொடுப்பதற்கு 1934 ஆம் ஆண்டிலேயே வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் வந்துவிட்டது. அடிபட முன்னம் பார்ப்பதற்கு ஒரு ஆள் வேண்டும். நான் கேட்பது இரண்டு. வேலை மதிப்பீடு எழுதும்போது “பாதுகாப்பு” என்று ஒரே வரியில் ஒரு தொகையைப் போட்டு முடிக்காமல், மாற்று உள்வாரைத் தனி வரியாக எழுதுங்கள். ஓட்டோடு பார்த்தால் அதன் விலை கொஞ்சம்தான், தனியாக எழுதாத சாமானை யாரும் வாங்குவதில்லை. மற்றது, ஆளுக்கு ஒரு தொப்பி, அதில் அவர் இலக்கம், நிழலில் அவருக்கென்று ஒரு ஆணி. காலையில் கொடுக்கிறவரே கவிழ்த்துப் பார்த்துக் கொடுக்கவேண்டும்.

உங்கள் நிருபர் தம்பி விழா நடந்த அந்த இடத்துக்கு இன்னும் ஒரு மாதத்தில் திரும்பப் போய் ஒரு படம் எடுத்தால் நல்லது. விழா நேரத்துக்கு வேண்டாம், காலை ஏழு மணிக்குப் போகச் சொல்லுங்கள். களஞ்சியம் திறப்பது அப்போதுதான்.

இப்படிக்கு,
ஒரு களஞ்சியப் பொறுப்பாளர்,
தருமபுரம், கிளிநொச்சி.