பதிவேற்றும்போது நீங்கள் கேட்கும் கேள்வியின் பதிலை வாசகருக்கும் காட்டுங்கள்

சுயபதிப்புத் தளங்களை நடத்தும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பத்தாண்டுகளுக்கும் மேலாக என் நூல்களை நானே எழுதி, நானே பதிப்பித்து, அந்த வருவாயில் வாழ்ந்துவருகிறேன். 2007 நவம்பரில் மின்னூல் படிக்கும் கிண்டில் கருவியோடு சேர்த்து அமேசான் தன் சுயபதிப்புத் தளத்தையும் தொடங்கியது. எந்தப் பதிப்பாளரின் ஒப்புதலுக்கும் காத்திராமல் வாசகரைச் சென்றடையும் வழி அப்போது திறந்தது. குறிப்பிட்ட விலை வரம்புக்குள் உள்ள மின்னூல்களுக்கு 70 விழுக்காடு ராயல்டி என்ற ஏற்பாடு 2010இல் வந்த பிறகு, என்னைப் போன்ற பலருக்கு அது முழுநேரத் தொழிலாகவே ஆயிற்று. அந்த நன்றி மாறாமல்தான் ஒரு கோரிக்கையோடு உங்கள் முன் வருகிறேன்: நூலில் செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய பகுதி உண்டா என்று பதிவேற்றுபவரிடம் கேட்டுப் பெறும் பதிலை வாசகருக்கும் காட்டுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். செயற்கை நுண்ணறிவு வேண்டாம் என்பது என் வாதமன்று. நாள்தோறும் அதைப் பயன்படுத்துகிறேன். முன்பு நூலின் கடைசியில் வரும் சொல்லடைவைத் தயாரிக்க, அச்சுப்படியைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, பென்சிலால் குறித்து, அகரவரிசைப்படுத்த இரண்டு வாரம் ஆகும். இப்போது எந்தெந்தச் சொற்கள் இடம்பெற வேண்டும் என்ற முதல் பட்டியல் ஒரே பிற்பகலில் கைக்கு வந்துவிடுகிறது. பக்க எண்களில் அது தவறுவதால் அவற்றை மட்டும் ஒவ்வொன்றாக நானே சரிபார்க்கிறேன். பின்னட்டைக் குறிப்பு, எழுத்துப்பிழை திருத்தும் மெய்ப்பு, விற்பனைக் கணக்கு என்று தனியொருவராகத் தொழில் நடத்துபவரின் முதுகை ஒடிக்கும் வேலைகள் பல. அவற்றில் பாதியை இறக்கிவைக்க முடிந்ததால்தான் எழுதுவதற்கு எனக்கு நேரம் கிடைக்கிறது.

ஆனால் தேனீ வளர்ப்பைப் பற்றிய என் நூல் வெளிவந்த மூன்றாவது வாரத்தில், ஒரு தளத்தில் அதற்கு அருகிலேயே ஏறக்குறைய அதே தலைப்பில் இன்னொரு நூல் தோன்றியது. இயல்களின் வரிசைகூட மாறவில்லை. அதை என் நூலென்று நம்பி வாங்கிய ஒரு வாசகர், நான்கு நாள் விடாத மழைக்கிடையே அதில் சொன்னபடி கூட்டைத் திறந்து, தேனடைச் சட்டங்களை வெளியே எடுத்து ஆராய்ந்திருக்கிறார். குளிர் தாக்கிப் புழுக்கள் அடையிலேயே செத்துப்போயின. இப்படி எழுதலாமா என்று கேட்டு அவர் அனுப்பிய கடிதத்தில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது. குளிரிலும் மழையிலும் கூட்டைத் திறக்கக் கூடாது என்று என் நூலின் இரண்டாம் இயலிலேயே எழுதியிருக்கிறேன். அந்த இன்னொரு நூலை எழுதியது ஒரு மனிதர்தானா, அவர் தேன்கூட்டை ஒருமுறையேனும் திறந்து பார்த்திருப்பாரா என்பதே எனக்கு ஐயம்.

பதிப்புத் தொழிலில் நிலைத்து நிற்பவர்களைத் தாங்குவது புதிய நூலன்று. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் வெளியிட்டு இன்றும் மாதந்தோறும் விற்றுக்கொண்டிருக்கும் பழைய நூல்கள்தாம். ஒரு நூலை வாங்கியவர் ஏமாறவில்லை என்றால்தான் அடுத்ததைத் தேடி வருவார். அந்த வாசகர் இனி என் பெயரைப் பார்த்தாலும் தயங்குவார்; உங்கள் தளத்தில் பார்க்கும் வேறு எந்தப் பெயருக்கும் தயங்குவார்.

2023 செப்டம்பரில் அமேசான் இரண்டு விதிகளைக் கொண்டுவந்தது. உரை, படம், மொழிபெயர்ப்பு ஆகியவற்றைச் செயற்கை நுண்ணறிவு உருவாக்கியிருந்தால் பதிப்பிப்பவர் அதைத் தளத்துக்குத் தெரிவிக்க வேண்டும். திருத்துவதற்கு மட்டும் துணைகொண்டிருந்தால் தெரிவிக்கத் தேவையில்லை. அதோடு, ஒருவர் நாளொன்றுக்குப் புதிதாக ஏற்றும் தலைப்புகளுக்கு மூன்று என்ற வரம்பும் வந்தது. நாளுக்கு மூன்று என்றால் ஆண்டுக்கு 1,095. என் தேனீ நூலுக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. வரம்பைக் காட்டிலும் என்னை உறுத்துவது வேறொன்று: தளம் கேட்டுப் பெறும் அந்த அறிவிப்பு, காசு கொடுத்து வாங்குபவரின் கண்ணில் படுவதில்லை. அதை நூலின் பக்கத்தில், விலைக்கு அருகில், எல்லாத் தளங்களும் காட்ட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

பொய் சொல்பவர்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். வெளியே தெரியாத பொய்யை யாரும் சுட்டிக்காட்ட முடியாது. பக்கத்தில் அச்சாகியிருக்கும் பொய்யை வாசகரே முறையிட்டு நீக்கவைக்கலாம். அந்தக் குறிப்பைக் கண்டதும் வாங்காமல் போய்விடுவார்களே என்ற தயக்கமும் சரியன்று. நல்ல மொழிபெயர்ப்பு அந்தக் குறிப்போடும் விற்கும். விலகிச்செல்பவருக்கு அப்படி விலக உரிமை உண்டு.

இன்னொன்றையும் பதிவேற்றும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். பதிப்புரிமைக்கு மனிதப் படைப்பாக்கம் வேண்டும் என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 மார்ச்சில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றும் அதையே உறுதிசெய்தது. முழுக்கவும் இயந்திரம் எழுதிய நூல்களை அடுக்கி நிலையான வருமானம் காணலாம் என்று நம்பி வரும் புதியவர்களுக்கு, அப்படிப்பட்ட உரையை நாளை வேறொருவர் அப்படியே எடுத்து விற்றால் அங்கே பதிப்புரிமையைக் காட்டித் தடுக்க வழியில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. தம் சேமிப்பைப் போட்டுத் தொழில் தொடங்குபவர்கள் அவர்கள். முதல் நாளே அவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

என் அடுத்த நூல் இன்னும் சில மாதங்களில் தயாராகிவிடும். சொல்லடைவின் முதல் பட்டியலுக்கும் மெய்ப்புக்கும் செயற்கை நுண்ணறிவின் துணையைக் கொண்டேன், உரை முழுவதும் நான் எழுதியது என்று அப்போது தெரிவிப்பேன். அதை எல்லோரும் காணும்படி நூலின் பக்கத்தில் வெளியிட இம்மடலின் வழியே உங்களுக்கு ஒப்புதல் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு சுயபதிப்பாளர்