எந்த அமாவாசைக்கு எந்தக் கடல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆடி அமாவாசைக்கு தேவிபட்டினம் நவபாஷாணம் (கடலுக்குள் நிற்கும் ஒன்பது நவக்கிரகக் கற்கள்), திருப்புல்லாணி, சேதுக்கரை, தனுஷ்கோடி என்று ஒரே நாளில் சுற்றிவரத் திட்டமிடும் வெளியூர் அன்பர்கள், எங்கள் இராமநாதபுரம் கரைக்கு இரண்டு கடல் இருப்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. தேவிபட்டினம் பாக் விரிகுடாவில், அதாவது வடகடலில். சேதுக்கரை மன்னார் வளைகுடாவில், தென்கடலில். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் ஆடியில் தென்கடலில் அலை கடுமை. தேவிபட்டினத்தில் அதே காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் நீர் அடங்கியிருக்கும். தையில் வடகிழக்கிலிருந்து வாடை வீசும்போது இது தலைகீழாகும். எனவே ஆடியில் தேவிபட்டினத்தில் நீராடி, சேதுக்கரையில் ஆஞ்சநேயர் தரிசனத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தை அமாவாசைக்கு சேதுக்கரையே வசதி.

பௌர்ணமியைப் போலவே அமாவாசையன்றும் கடலின் ஏற்றமும் வற்றமும் மற்ற நாட்களைவிடக் கூடுதல். நீர் ஏறியிருந்தால் நவபாஷாணக் கற்கள் சரியாகத் தெரியாது. வற்றினால் தெரியும், ஆனால் பாசி பிடித்த படிகள் வழுக்கும். நீராடியவர்கள் கடலிலேயே விட்டுவிடும் வேட்டி, சேலைகள் இன்னொரு தொல்லை. அடுத்து இறங்குபவரின் காலில் சுற்றிக்கொள்கின்றன, வள்ளத்து இன்ஜினின் விசிறியையும் அவை விடுவதில்லை.

படகைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடைமேடை வழியாக நவபாஷாணத்துக்கு நடந்தே போகலாம், படகு தேவையில்லை. கடலைப் பார்க்கும் ஆசையில் மீன்பிடி வள்ளத்தில் ஏறுவோர், நிலத்திலிருந்து கரைக்காற்று வீசும் நாளில் இன்ஜின் நின்றால் வள்ளம் கரைக்கு வராமல் வெளியே இழுபடும் என்பதை அறிய வேண்டும். அமைதியான கடல்தான் இங்கே ஏமாற்றும். மேலும் வள்ளம் மீனுக்காகக் கட்டியது. படம் எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நின்றால் கவிழும். மன்னார் வளைகுடாத் தீவுகள் இருபத்தொன்றும் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அனுமதியின்றி இறங்கக் கூடாது. படகுப் பயணந்தான் வேண்டுமென்றால் தொண்டி பக்கம் காரங்காட்டிலும் பாம்பன் குந்துகாலிலும் வனத்துறைப் படகுகள் உள்ளன. அங்கும் உயிர்காப்புச் சட்டையின் வாரை இடுப்பில் இறுக்கிய பிறகே ஏறுங்கள். தோளில் மாட்டிக்கொண்டால் மட்டும் போதாது, நீரில் விழுந்ததும் கழன்றுவிடும்.

சாலை வழி எளிது. விடியற்காலையில் தேவிபட்டினம், நடை சாத்துமுன் திருப்புல்லாணி, அங்கிருந்து அருகிலேயே சேதுக்கரை, மாலையில் உத்திரகோசமங்கை. தனுஷ்கோடியை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2017-ல் அதன் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டாலும், ஓரம் கட்டுகிறோம் என்று மணலில் இறக்கும் வண்டி புதைகிறது. புதைந்தபின் ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்னும் ஆழமாகத்தான் போகும். டயர் காற்றைப் பாதியாகக் குறைத்து, சக்கரத்தின் முன் பலகையோ சாக்கோ போட்டு மெதுவாக நகர்த்த வேண்டும். முனையில் இரு கடல்களின் நீரோட்டமும் மோதுவதால் முழங்கால் அளவு நீரில்கூட நிற்க வேண்டாம்.

அமாவாசை நாட்களில் அன்றைய காற்றுத் திசையையும் ஏற்றவற்ற நேரத்தையும் எழுதிய பலகை ஒன்றை இராமநாதபுரம் பேருந்து நிலையத்திலும் இரு கரைகளிலும் மாவட்ட நிர்வாகம் வைக்கலாம். சாக்பீஸில் எழுதினாலே போதும். பழைய துணி போட ஒரு தொட்டியும் அருகில் வேண்டும்.

இப்படிக்கு,
கடலோர வாசகர்கள்,
இராமநாதபுரம் மாவட்டம்