இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது கேட்பதற்கு…

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த தமிழ் ஒலிநூல், பாட்காஸ்ட் பரிந்துரைகளைப் படித்தோம். கதை என்ன, எழுதியவர் யார், எந்தச் செயலியில் கிடைக்கும் என்பதெல்லாம் இருந்தது. எவ்வளவு நேரம் ஓடும், அத்தியாயங்கள் தனித்தனிக் கோப்பா, பின்னணி இசை உண்டா, முழு நூலா சுருக்கமா என்கிற விவரம் ஒன்றுக்குக்கூட இல்லை. பேருந்தில் போகிறபோது கேட்பவருக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை. ஆரி வேலை (கொக்கி ஊசியால் துணியில் போடும் பூத்தையல்), குரோஷே (கொக்கி ஊசியால் நூலைப் பின்னுவது), ஒயர் கூடை என்று இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருக்கும்போது கேட்பவருக்கு முதல் கேள்வியே இதுதான். இந்த வேலைகளைக் கற்றுத் தருகிறவர்கள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லிவிட நினைக்கிறோம்.

ஆரியில் உட்கார்ந்துவிட்டால் போன் பக்கம் கை போகக் கூடாது. வலது கை துணிக்கு மேலே ஊசியைப் பிடித்திருக்கும். இடது கை அடியிலிருந்து நூலைக் கொக்கியில் மாட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கும். நடுவில் விளம்பரம் வருகிறது, தள்ளிவிடலாம் என்று இடது கையை எடுத்தால் நூல் தளர்ந்து கண்ணி கொக்கியை விட்டு நழுவும். சங்கிலித் தையலில் ஒரு கண்ணியைப் பிடித்து நிறுத்துவது அடுத்த கண்ணிதான். முடிச்சுப் போடாத முனை எதிலாவது மாட்டி இழுபட்டால் வரிசை மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். குந்தன் கற்களைத் துணியில் ஒட்டும் நாளில் விரலெல்லாம் பசை வேறு. ஆகவே எதைக் கேட்பது என்று தேடும்போதே, ஒருமுறை போட்டுவிட்டால் அரைமணி நேரமாவது தொடாமல் ஓடுமா என்று பார்த்துவிட வேண்டும். இலவசமாகக் கிடைக்கிறதே என்று யூடியூபில் போடுகிறவர்கள்தான் அதிகம். சந்தா கட்டாவிட்டால் அங்கே திரையை அணைத்ததும் ஒலியும் நின்றுவிடும். கதைசொல்லி தாழ்ந்த குரலில் ஒரு சாவைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மசாலா விளம்பரம் குதிக்கும். டேட்டா கணக்கும் இருக்கிறது. நொடிக்கு 64 கிலோபிட் தரத்தில் உள்ள ஒலிக்கோப்பு ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 29 எம்பி. 128 கிலோபிட் என்றால் 58. அதே ஒரு மணி நேரம் வீடியோவாக ஓடினால் நூற்றுக்கணக்கில் போய்விடும்.

வேலையின் எல்லாக் கட்டத்திலும் கேட்க முடியாது. பலர் கைவிடுவது இதனால்தான்: தப்பான கட்டத்தில் தப்பானதைப் போட்டுவிட்டு, "எனக்குக் கவனம் சிதறுகிறது" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எண்ணுவது என்பது மனதுக்குள் பேசுவதுதான். காதில் இன்னொருவர் பேசினால் இரண்டு பேச்சும் மோதிக்கொள்ளும். குரோஷேயில் பொம்மைத் தலை போடும்போது முதல் சுற்றில் 6 தையல், பிறகு 12, 18, 24, 30, 36 என்று ஏறும். நான்காம் சுற்றில் ஒரு இடத்தில் கூட்ட மறந்து 23 ஆகிவிட்டால் அடுத்த சுற்றின் கணக்கு எங்கும் ஒட்டாது. உருண்டை ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். இந்தச் சுற்றுகளில் பேச்சே வேண்டாம், வாத்திய இசை போதும். 36-க்கு வந்தபின் ஏற்றாமல் இறக்காமல் நேராகப் போகும் சுற்றுகள்தான் கதைக்கு உரிய இடம். அங்கேயும் சுற்றின் முதல் தையலில் ஒரு மார்க்கரை (அடையாளத்துக்கு மாட்டும் சின்ன வளையத்தை) மாட்டிவிடுங்கள். கிரிக்கெட் அலசல், பங்குச் சந்தை, தேர்தல் கணக்கு போன்ற எண் நிறைந்த பாட்காஸ்ட்களைக் குரோஷே, கூடை இரண்டுக்கும் தவிர்ப்பது நல்லது. காதில் "பதினேழு" என்று விழுந்தால் கையும் பதினேழில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும்.

ஒயர் கூடையில் அடிப்பாகம் போட்டு முடியும்வரை, நிறம் மாற்றும் வரிசைகளில், கைப்பிடி ஏற்றும்போது எதையும் கேட்காதீர்கள். பக்கச்சுவர் ஒரே முடிச்சாக ஏறும் நேரத்தில் எவ்வளவு கனமான நாவலும் கேட்கலாம். ஆரியில் ட்ரேசிங் பேப்பரில் துளை போட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த ஜிங்க் பவுடரைத் தேய்த்து டிசைனைத் துணிக்கு இறக்கும் வேலை சில நிமிடம்தான். ஆனால் தாள் நகர்ந்தால் பிளவுஸ் துணியே போயிற்று. அப்போது காதுக்கு ஓய்வு. கழுத்து ஓரம் மணி கோத்துக்கொண்டு போகும் மணிக்கணக்கான வேலைதான் தொடர்கதைக்கு.

தொடர்கதை என்ற சொல்லைத் தெரிந்தேதான் போட்டோம். வார இதழில் தொடராக வந்த நாவல்கள் கைவேலைக்கு அவ்வளவு பொருந்தும். அத்தியாயம் சிறியது, முந்தைய கதையை எழுத்தாளரே அங்கங்கே நினைவூட்டுவார், கவனம் சற்று நழுவினாலும் பிடித்துக்கொள்ளலாம். 'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வந்தது. ஐந்து பாகம், 293 அத்தியாயம். ஒரு பட்டுப் பிளவுஸை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கினாலும் கதை தீராது. கல்கியின் எழுத்துகள் 1999-ல் நாட்டுடைமை ஆனவை, அதாவது அரசு பொதுச் சொத்தாக்கியவை என்பதால் யார் வாசித்துப் பதிவேற்றினாலும் சட்டச் சிக்கல் இல்லை. சும்மா தகவலுக்காக இதைச் சொல்லவில்லை. அனுமதி இல்லாமல் ஏற்றிய வாசிப்பு உரிமையாளர் புகார் கொடுத்ததும் ஒரே நாளில் காணாமல் போகும். பாதி கேட்ட நாவல் பாதியில் நிற்கும். நம் சட்டப்படி எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை இருக்கும். அது முடிந்தவை, நாட்டுடைமையானவை, உரிமை வாங்கிப் போடும் கட்டணச் செயலிகள் என்று இந்த மூன்றுக்குள் தேடினால் நடுவில் அறுந்துபோகாது.

தேடும்போது "தமிழ் ஆடியோ" என்று போட்டால் பாட்டும் பக்தியும்தான் கொட்டும். எழுத்தாளர் பெயரோடு "ஒலிநூல்" அல்லது "ஒலிப்புத்தகம்" சேர்த்துத் தமிழிலும், அதையே ஆங்கில எழுத்திலும் தேட வேண்டும். பதிவேற்றுகிறவர்கள் பாதிப்பேர் தலைப்பை ஆங்கில எழுத்தில்தான் வைக்கிறார்கள். கட்டண ஒலிநூல் செயலியான ஸ்டோரிடெல் 2017-லிருந்து இந்தியாவில் இருக்கிறது, தமிழும் உண்டு. ஆகாசவாணியின் தமிழ் நிலையங்களை நியூஸ் ஆன் ஏர் செயலியில் நேரலையாகக் கேட்கலாம். ஆஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் தமிழ் தன் நிகழ்ச்சிகளைப் பாட்காஸ்டாகவே தருகிறது. வெறும் பாட்காஸ்ட்டுக்கு ஆண்ட்ராய்டில் ஆன்டெனாபாட் என்ற செயலி போதும்: இலவசம், தன் பங்குக்கு விளம்பரம் போடாது, முதல் நாள் இரவே வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

ஒலிநூல் கிடைத்ததும் ஓடும் நேரத்தைப் பாருங்கள். ஒரு அச்சுப் பக்கத்தை நிதானமாக வாசிக்க இரண்டு நிமிடம் ஆகும். 200 பக்க நாவல் ஆறு ஏழு மணி நேரம் வர வேண்டும். "முழு நாவல்" என்று போட்டு 40 நிமிடம் ஓடினால் அது கதைச்சுருக்கம். அதை நாவல் என்று விற்பது வாசகரை ஏமாற்றுவதுதான், வேறு பெயர் இல்லை.

பிறகு நடுவிலிருந்து ஐந்து நிமிடம் கேளுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் எல்லோரும் நன்றாகத்தான் வாசிப்பார்கள். நடுவில்தான் தாள் புரட்டும் சத்தம், மூச்சு, ழகரம் ளகரமாவது எல்லாம் தெரியும். வாசிப்புக்கு அடியில் ஒரே வீணைத்துண்டு சுற்றிச் சுற்றி வருகிறதா என்று பாருங்கள்; இரண்டு நிமிடத்துக்கு இனிமை, இரண்டு மணி நேரத்துக்குத் தலைவலி. பல குரல் நாடகங்கள் கையால் தைக்கும்போது அருமை. தையல் மெஷினில் மோட்டார் ஓடினால் வேண்டாம்: கதவு திறப்பது, கத்தி உருவுவது எல்லாம் ஓசையாகத்தான் சொல்லப்படும், அந்த ஓசையை மோட்டார் விழுங்கிவிடும். இப்போது இயந்திரக் குரல் வாசிப்புகளும் மலிந்துவிட்டன. கேள்விக்கும் பதிலுக்கும் ஒரே ஏற்ற இறக்கம், ஆண்டுகளையும் சுருக்கெழுத்துகளையும் தடுமாறிப் படிப்பது ஆகியவற்றை வைத்துக் கண்டுபிடிக்கலாம். கட்டுரைக்கு அது தாங்கும். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்து மின்னூலை இறக்கி போனின் தமிழ்க் குரலை விட்டே வாசிக்கச் சொல்லலாம். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தின் பழம்பாடல்களை மட்டும் அதனிடம் கொடுத்துவிடாதீர்கள். சந்தி பிரிக்காத செய்யுளை அது படிக்கும் விதம் தமிழே இல்லை.

வேகத்தைக் கூட்டிக் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. உரையாடல் பாட்காஸ்ட்டுக்கு 1.25 சரி. நாவலுக்கு 1.0-தான். தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. ஊசி முனையைப் பார்க்கிற ஒரு கணத்தில் கடைசிச் சொல் நழுவினால் வந்தாரா, வரவில்லையா என்பதே தெரியாது. பின்னோக்கித் தாவும் பொத்தானை 10 நொடியிலிருந்து 30 நொடிக்கு மாற்றி வையுங்கள். அறுந்த நூலை எடுத்து முடிவதற்கு அவ்வளவு நேரம் ஆகிவிடுகிறது. ஹெட்செட் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் பின்னால் தாவுமாறு அமைக்க முடிகிற செயலி என்றால் மிகவும் நல்லது.

ஒயர் இயர்போன் ஆரி ஸ்டாண்டில் மாட்டும், மணித் தட்டைக் கவிழ்க்கும். ஒரே காதில் ப்ளூடூத் மாட்டி, மற்றக் காதைக் குக்கர் விசிலுக்கும் வாசல் மணிக்கும் விட்டுவைப்பதே வழக்கம். அப்போது சில நேர்காணல்களில் கேள்வி மட்டும் கேட்கும், பதில் வராது. இருவர் குரலையும் இடம், வலம் என்று பிரித்துப் பதிவு செய்திருப்பார்கள். போனின் அணுகல்தன்மை அமைப்பில் "மோனோ ஆடியோ"வைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. ஒலி அளவிலும் கவனம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். நாள் முழுக்கத் தைக்கிறவர் இந்த நேரத்தை எளிதாக எட்டிவிடுவார். மின்விசிறிக்கும் மெஷினுக்கும் மேலாகக் கேட்க வேண்டும் என்று ஒலியைக் கூட்டினால் வரம்பு இன்னும் சீக்கிரம் முடிந்துவிடும். விசிறியை விட்டுத் தள்ளி, காதுக்குப் பக்கத்தில் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை வைப்பது மேல்.

இறக்கிவைத்த கோப்புகளில் எல்லோரும் மாட்டுவது எண் வரிசையில். 1, 2, 3 என்று பெயர் வைத்தால் பல பிளேயர்கள் 1-க்குப் பிறகு 10, 11, 12 என்று ஓட்டி, அதன்பின்தான் 2-க்கு வரும். கதையில் யாரோ திடீரெனச் செத்துக்கிடப்பார், காரணம் புரியாது. நூறு அத்தியாயத்துக்குள் என்றால் 01, 02. மேலே போனால் 001, 002. ஆறு மணி நேர ஒற்றைக் கோப்பு என்றால் விட்ட இடத்தை நினைவில் வைக்கும் ஸ்மார்ட் ஆடியோபுக் பிளேயர் போன்ற செயலியில் போடுங்கள். சாதாரணப் பாட்டு பிளேயர் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

வேலை செய்கிறவர்களே வாசிப்பை நிர்ணயித்த மரபு உலகில் உண்டு. கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865-லிருந்து மேடையில் ஒருவர் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் வாசிக்க, மற்றவர்கள் சுருட்டிக்கொண்டே கேட்டார்கள். எந்த நாவல் என்று முடிவு செய்தவர்கள் தொழிலாளிகள். வாசிப்பவருக்குக் கூலியும் அவர்கள் போட்டதுதான். நமக்குப் பக்கத்தில், கேரளத்தின் கண்ணூர் பீடித் தொழிலாளர்களிடையே ஒருவர் பத்திரிகை வாசிப்பார். அந்த நேரத்தில் அவர் சுற்றியிருக்க வேண்டிய பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்து ஈடுகட்டுவார்கள். வாசிப்பவர் எதிரிலேயே இருந்ததால் "சத்தமாக", "அந்த இடத்தை மறுபடி" என்று கேட்டு வாங்க முடிந்தது. இன்று பதிவு செய்கிறவருக்கு எங்கள் குரல் எட்டுவதில்லை. அதனால்தான் உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்கிறோம்.

தமிழில் வாசித்துப் பதிவேற்றுகிறவர்கள் அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு கொடுங்கள். தலைப்பில் எண்ணும், முழு வாசிப்பா சுருக்கமா என்பதும், வாசித்தவர் பெயரும் இருக்கட்டும். பத்து நிமிடப் பகுதிக்கு ஒரு நிமிட முகப்பு இசையும், "லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க"வும் வேண்டாம். அடுத்தடுத்து ஆறு பகுதி கேட்கிறவர் அதை ஆறு முறை கேட்டாக வேண்டியிருக்கிறது. எல்லாப் பகுதியும் ஒரே ஒலி அளவில் இருக்க வேண்டும். பதிவுக்குப் பின் ஒலி அளவைச் சமன் செய்யும் வசதி ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளிலேயே இருக்கிறது.

உங்கள் ஞாயிறு இணைப்பில் இனி வரும் பரிந்துரை ஒவ்வொன்றின் கீழும் ஒரே ஒரு வரி சேர்க்க முடியுமானால், அதில் மொத்த நேரம், எத்தனை பகுதி, ஒரு பகுதி எவ்வளவு, வாசிப்பவர் ஒருவரா பலரா, பின்னணி இசை உண்டா, விளம்பரம் குறுக்கிடுமா, இறக்கிவைக்க முடியுமா, கட்டணம் எவ்வளவு என்று போடுங்கள். கதைச்சுருக்கத்தில் மூன்று வரி குறைத்தாலே இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ஆரி, குரோஷே, ஒயர் கூடைப் பயிற்சி தருவோர் சிலர்,
திருச்சி.