அந்தப் பழைய பதிவேடுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் வட்டாட்சியர்களுக்கும், பழைய கர்ணம் (ஊர்க் கணக்கர்), மணியக்காரர் (ஊர் அதிகாரி) வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஊத்தங்கரை வட்டத்திலிருந்து ஒருவன் எழுதுவது. வணக்கம்.

எங்கள் வீட்டில் ஆடி அமாவாசைப் படையலுக்கு ஓர் இலை கூடுதலாகப் போடுவோம். என் கொள்ளுத்தாத்தாவின் தம்பிக்கு அது. வீட்டில் அவருக்கு 'நெட்டால் தாத்தா' என்று பேர். நெட்டால் என்பது தென்னாப்பிரிக்காவில் டர்பன் இருக்கும் பகுதி. அங்கே கப்பலேறிப் போனார், திரும்பவில்லை. எங்கே, எப்போது இறந்தார் என்று தெரியாததால் தனித் திதி கிடையாது. அமாவாசையில்தான் அவருக்கும் சேர்த்து.

போன வருஷம் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரு அம்மாவும் அவருடைய மகனும் எங்கள் ஊருக்கு வந்தார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் கப்பல் பட்டியலின் நகல். 1860-லிருந்து 1911 வரை நெட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். முதல் கப்பலான 'ட்ரூரோ' சென்னையிலிருந்துதான் கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்தது. போனவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, ஜில்லா, உடம்பில் உள்ள அடையாளம் எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். கூலிக் கணக்கு, கல்யாணம், சாவு என்று அங்கே எந்தக் காகிதத்திலும் அந்த எண் கூடவே வரும்.

அந்த அம்மாவின் காகிதத்தில் ஜில்லா சேலம், தாலுகா ஊத்தங்கரை, ஊர் புதூர். அவர்கள் தேடிவந்த மூதாதை 1896-இல் கப்பல் ஏறியிருக்கிறார், வயது 22. தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78) பிழைத்துக் கிடந்த குழந்தை அவர் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சரி, புதூர் என்றால் எந்தப் புதூர்? நம் பக்கம் வட்டத்துக்கு எத்தனை புதூர் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்! ஜில்லா சேலம் என்று இருந்ததால் அவர்கள் முதலில் சேலத்துக்குத்தான் போயிருக்கிறார்கள். 1965-இல் தருமபுரி பிரிந்ததும் 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்ததும் டர்பனில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? ஓர் அலுவலகம் தருமபுரிக்குப் போ என்றது, அடுத்தது கிருஷ்ணகிரிக்குப் போ என்றது. மூன்று நாள் இப்படி. திருப்பத்தூர் என்று எழுதியிருந்தால் இன்னும் சுற்றியிருப்பார்கள். அதுவும் ஒரு காலத்தில் சேலம் ஜில்லாதானே.

அவர்களை எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தது ஒரே ஒரு சொல். அந்த அம்மாவின் பாட்டி அடிக்கடி 'கல்லாவி, கல்லாவி' என்பாராம். அது ஒரு பெண்ணின் பேர் என்றே நான்கு தலைமுறையாக நினைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் வரும்போது ஊர்ப்பலகையில் அந்தப் பேரைப் பார்த்துவிட்டு அந்தப் பையன் சத்தம் போட்டு வண்டியை நிறுத்தச் சொன்னானாம். கல்லாவியில் இறங்கி, பக்கத்தில் புதூர் எது என்று கேட்டுக்கொண்டே வந்துவிட்டார்கள்.

திண்ணையில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தைப் பையன் படிக்கப் படிக்க நான் தமிழில் சொன்னேன். கடைசிக் கட்டத்தில், 'இடது கெண்டைக்காலில் நீளத் தழும்பு'. உள்ளே பாக்கு இடித்துக்கொண்டிருந்த என் அத்தை இடிப்பதை நிறுத்திவிட்டார். அவருக்கு 88 வயது. "கொழு கிழிச்சது. ஏர் திரும்பறப்ப குறுக்க ஓடியிருக்காரு. எங்கப்பன் சொல்லுவாரு" என்றார். அந்த அம்மா என்னைப் பார்த்தார், நான் அத்தையைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அப்புறம் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அதில் 1912, பரிதாபி வருஷத்துக் கிரயப் பத்திரம் ஒன்று இருக்கிறது. கொல்லையை விற்ற என் கொள்ளுத்தாத்தா அதில் எழுதுகிறார்: 'என் தம்பி தேசாந்திரம் போய் தாக்கல் தகவல் இல்லாதபடியாலும், எங்கள் தாயார் போன வருஷம் காலமாகிவிட்டபடியாலும்'. தகப்பன் பேர், தம்பி பேர் இரண்டும் கப்பல் பட்டியலோடு அப்படியே பொருந்தின. செக்குபந்தியில், அதாவது நிலத்தின் நான்கு எல்லை விவரத்தில், வரும் ஓடையும் பாறையும் இன்றைக்கும் அதே இடத்தில் இருக்கின்றன. கூட்டிப்போய்க் காட்டினேன். நெட்டாலில் அவர் இறந்த தேதி அவர்களிடம் இருந்தது. இனி எங்கள் வீட்டில் அவருக்குத் திதி உண்டு.

ஆனால் அவர்கள் கேட்ட ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவருடைய அம்மா பேர் என்ன? கப்பல் பட்டியலில் தகப்பன் பேருக்குத்தான் இடம். பத்திரத்தில் 'எங்கள் தாயார்' என்பதோடு சரி. அத்தைக்கும் தெரியவில்லை. பெற்றவளின் பேர் இரண்டு கரையிலும் இல்லை.

அந்தப் பேர் இருக்கக்கூடிய ஓர் இடம் உங்கள் பீரோ. ஊரில் பிறப்பு, இறப்பைப் பதிவு செய்ய 1899-இலேயே சட்டம் வந்துவிட்டது. கிராம முன்சீப், அதாவது மணியக்காரர்தான் பதிவேட்டில் எழுதுவார். நெட்டால் தாத்தாவின் தாயார் இறந்தது 1911. இன்னாருடைய மனைவி இன்னார், இத்தனை வயசு, இன்ன நோய் என்று ஒரு வரி விழுந்திருக்க வேண்டும். கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980-இல் எடுத்தபோது புத்தகங்கள் கை மாறின. சில உங்களிடம் வந்தன. சில பழைய வீடுகளின் பரணிலேயே தங்கிவிட்டன.

நான் போய்க் கேட்டபோது, "அதெல்லாம் எப்பவோ செல்லரிச்சுப் போச்சுங்க" என்ற பதில்தான் வந்தது. அலமாரியைத் திறந்து பார்க்காமலே வந்த பதில். உங்கள் வேலைச் சுமை எனக்குத் தெரியும். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல் என்று வாசலில் எப்போதும் ஆள் நிற்கிறது. நூறு வருஷத்துப் புத்தகத்தைத் தேட நேரம் ஏது என்பது நியாயம்தான். தேடுகிற வேலையை எங்களிடம் விடுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்க, உங்கள் கண் முன்னாலேயே ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து புரட்டுகிறோம். பொடிந்துபோன பக்கத்தைத் தொடக்கூட மாட்டோம்.

வட்டாட்சியர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய பதிவேட்டைக் கழிக்க உத்தரவு போடும் முன், எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். குக்கிராமங்களின் பழைய பேர், இன்றைய பேர், எந்த ஊராட்சியில் சேர்ந்தது என்று வட்டத்துக்கு ஒரு பட்டியல் போட்டு அலுவலகச் சுவரில் ஒட்டினால் அதுவே பெரிய உதவி. சேலம் ஜில்லா என்ற காகிதத்தோடு நெட்டாலிலிருந்தும் மொரீஷியஸிலிருந்தும் பிஜியிலிருந்தும் இன்னும் வருவார்கள். அவர்கள் சொல்லும் ஊர்ப் பேர் வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்த மாதிரி இருக்கும். வாய்விட்டு இரண்டு தடவை சொல்லிப் பார்த்தால் நமக்குப் பிடிபட்டுவிடும்.

கர்ணம் வீட்டுப் பிள்ளைகளே, உங்கள் தாத்தா கையெழுத்தில் இருக்கும் கணக்குக் கட்டுகளைப் போகியில் போட்டுவிடாதீர்கள். உங்களுக்கு அது அடைசல். யாரோ ஒருவருடைய பாட்டியின் பேர் அதில் இருக்கலாம்.

டர்பன் அம்மா வரும் தை மாதம் மறுபடி வருகிறார். அதற்குள் 1911-ஆம் வருஷத்து இறப்புப் பதிவேடு எங்காவது தட்டுப்பட்டால் எனக்கு ஆள் விட்டுச் சொல்லுங்கள். புதூரில் 'நெட்டால்காரர் வீடு' என்றால் யாரும் காட்டுவார்கள்.