படத்தில் இருந்தது சண்டை விமானம் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரஃபேல் தயாரிக்கும் டசோ நிறுவனத்தின் கதையை ஞாயிறு இணைப்பில் படித்தேன். கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கூடவே போட்டிருந்த இரட்டை இறக்கை விமானத்தின் படத்துக்குக் கீழே 'டசோவின் அக்காலச் சண்டை விமானம்' என்று எழுதிவிட்டீர்கள். அது ஹென்றி போடெஸ் என்பவரின் நிறுவனம் செய்த போடெஸ் 25, வேவு விமானம். டசோ செய்ததும் இல்லை, எதிரியைத் துரத்திச் சுடச் செய்ததும் இல்லை. கீழ் இறக்கை மேல் இறக்கையைவிட நன்றாகவே சின்னதாக இருக்கிறது, பாருங்கள். இறக்கை மறைக்காமல் தரையைப் பார்க்க அது வசதி.

முதல் உலகப் போரின்போது மார்செல் டசோவும் (அப்போது அவர் பெயர் மார்செல் பிளோக்) ஹென்றி போடெஸும் கூட்டாளிகள். விமானத்துக்கு மரத்தில் புரொப்பெல்லர் செய்து கொடுத்துத்தான் இருவரும் தொழிலுக்கே வந்தார்கள். போர் முடிந்ததும் பிளோக் கொஞ்ச காலம் விமானத்தையே விட்டுவிட்டு வேறு வியாபாரத்துக்குப் போய்விட்டார். போடெஸ் போகவில்லை. அந்தப் போரில் பிரான்சின் சோம் ஆற்றையொட்டி நடந்த சண்டையில் சின்னாபின்னமான பகுதியில்தான் அவருடைய சொந்த ஊர் மேயோல்ட், அங்கேயே 1924-ல் விமான ஆலை கட்டினார். இன்றைக்கும் அந்த ஊரில் ஏர்பஸ் விமானங்களின் மூக்குப் பகுதியைச் செய்கிறார்கள்.

போடெஸ் 25-இன் ஏ2 வகை வேவு பார்ப்பதற்கானது, இரண்டு பேர் உட்காரலாம். முன்னால் விமானி. பின்னால் இருப்பவருக்குத்தான் உண்மையான வேலை: திறந்த இருக்கையில் குளிர்காற்றை வாங்கிக்கொண்டு கீழே படம் எடுக்க வேண்டும், நம் பீரங்கிக் குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும், யாராவது துரத்தி வந்தால் துப்பாக்கியையும் அவரே பிடிக்க வேண்டும். வேகமோ மணிக்கு 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். போலந்து, ருமேனியா, பராகுவே, எத்தியோப்பியா என்று பல நாடுகள் வாங்கின. 1930-ல் எத்தியோப்பிய உள்நாட்டுச் சண்டையில் இதிலிருந்து குண்டு போட்டதும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் இந்த விமானத்தின் பெயர் நிலைத்தது தபாலால். அதே 1930, ஜூன் 13. ஏரோபோஸ்தால் என்ற பிரெஞ்சு விமானத் தபால் நிறுவனத்தின் விமானி ஹென்றி கியோமே, சிலியிலிருந்து அர்ஜென்டினாவுக்குத் தபால் மூட்டைகளோடு போடெஸ் 25-இல் ஆண்டிஸ் மலையைக் கடக்கும்போது பனிப்புயலில் சிக்கி, 3,000 மீட்டருக்கும் மேலே உள்ள ஓர் ஏரிக்கரையில் இறங்கினார். விமானம் பனியில் குப்புறக் கவிழ்ந்தது. புயல் ஓயும்வரை அதன் அடியிலேயே ஒடுங்கிக் கிடந்தவர், அப்புறம் ஐந்து பகலும் நான்கு இரவும் நடந்து உயிரோடு ஊர் வந்து சேர்ந்தார். தேடிப் பறந்தவர்களில் அவருடைய நண்பரும் பின்னாளில் 'குட்டி இளவரசன்' எழுதியவருமான விமானி செந்த்-எக்சுபெரியும் ஒருவர்.

ரஃபேலுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள், சரி. அடுத்த ஞாயிறு ஒரு மூலையில் திருத்தம் போட்டு, 'போடெஸ் 25, வேவு விமானம்' என்று பெயரையாவது சரியாக எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி